குற்றவியல் துறையில் ஒரு குடை காணவில்லை

1

இந்தக் கதை எனக்குள் தானாக ஊறி வந்தது என்று சொல்ல ஆசைதான். சொன்னால் பொய். இதை என் தலையில் கட்டியவள் என் மனைவி.

அவள் ஒரு கல்லூரியில் குற்றவியல் சொல்லிக்கொடுக்கிறாள். மனிதன் ஏன் குற்றம் செய்கிறான் என்பதற்கு அவளிடம் ஒரு டஜன் கோட்பாடுகள் உண்டு. நான் ஏன் ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுகிறேன் என்பதற்கு மட்டும் இன்னும் ஒன்றும் அகப்படவில்லை. நான் வீட்டில் உட்கார்ந்து கதை எழுதுகிறவன். சொந்தக்காரர்கள் மொழியில் சொன்னால், சும்மா இருக்கிறவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள். துறையின் ஆண்டு மலருக்குக் கதை ஒன்று வேண்டும் என்றாள். பாடப்புத்தகத்தைத் திறந்ததுமே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்களாம். குற்றம் ஏன் நடக்கிறது என்கிற கோட்பாடுகளையெல்லாம், மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைக்கிற மாதிரி கதைக்குள் வைத்துக் கொடுக்க வேண்டுமாம். வாழைப்பழமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கதைக்கு வேண்டிய சம்பவத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். துறைத் தலைவருடைய குடை காணாமல் போய்விட்டது. குற்றவியல் துறையிலேயே திருட்டு. கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்.

"கடைசில குடை கிடைச்சிடணும். ஆனா யார் எடுத்தாங்கன்னு வரவே கூடாது."

நான் இதைக் கலைநயம் என்று நினைத்துக்கொண்டேன்.*

* இந்த "நினைத்துக்கொண்டேன்" பின்னால் என்னைக் கடிக்க வருகிறது. பென்சில் இருந்தால் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள், வாசகரே.

இன்னொரு விஷயம். ஆண்டு மலரில் வருகிற எதையும் துறைத் தலைவர் படித்து, சரி என்று சொன்ன பிறகே அச்சுக்கு அனுப்புவார்கள். இதையும் மறக்க வேண்டாம்.

2

முதல் தொடக்கம்:

"அவனுக்குத் தாடை பெரியது. நெற்றி பின்னோக்கிச் சாய்ந்திருந்தது. காதுகள் விடைத்திருந்தன. பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துபோயிற்று, இவன்தான் அந்த—"

[நிறுத்திவிட்டேன். மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். பிறக்கும்போதே குற்றவாளியாகப் பிறக்கிற ஓர் இனம் உண்டு, மண்டையை அளந்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு காலத்தில் நம்பினார்களாம். அதைக் கைகழுவி வெகுகாலம் ஆகிறதாம். "உங்க காதைக் கண்ணாடில பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.]

இரண்டாம் தொடக்கம்:

"எடுத்தால் நனையாமல் வீடு போகலாம். மாட்டினால் மானம் போகும். லாபம் எவ்வளவு, நட்டம் எவ்வளவு என்று நிதானமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, அவர் குடையை நோக்கிக் கையை—"

[இதற்கும் பாடத்தில் இடம் உண்டு. மனிதன் லாப நட்டம் பார்த்துத்தான் குற்றம் செய்கிறான், தண்டனை நிச்சயம் என்று தெரிந்தால் கையைச் சுருட்டிக்கொள்வான் என்கிற கட்சி. ஆனால் மழை கொட்டும்போது எவன் நின்று கூட்டிக் கழிக்கிறான்? நான் கடையில் சோப்பு வாங்கும்போதே கணக்குப் பார்ப்பதில்லை. இந்த ஆளை எனக்கு நம்ப முடியவில்லை. வெளியே அனுப்பிவிட்டேன்.]

மூன்றாம் தொடக்கத்தில் ஆளே இல்லை, ஒரு பக்கெட் மட்டும் இருக்கிறது. அதையே வைத்துக்கொண்டேன்.

3

பச்சை நிற பிளாஸ்டிக் பக்கெட். துறையின் மாடி வராந்தாவில், படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. ஈரக்குடையை யாரும் அறைக்குள் கொண்டுவரக் கூடாது, புத்தகங்கள் பாழாகும் என்பது துறைத் தலைவரின் சட்டம். அதனால் மழைக்காலம் முழுக்க எல்லாருடைய குடையும் அந்தப் பக்கெட்டில்தான் தலைகீழாக நிற்கும்.

எல்லாரும் என்றால் நான்கு பேர். முதலாவது தலைவர். மெலிந்த உடம்பு, கனத்த குரல். இரண்டாவது ஓய்வுபெற்ற போலீஸ்காரர். இப்போது ஒப்பந்தத்தில் பாடம் எடுக்கிறார். இன்னும் எல்லாரும் இன்ஸ்பெக்டர் என்றே கூப்பிடுகிறார்கள். மூன்றாவது ஆளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் சதவீதம். "நல்லா இருக்கீங்களா சார்" என்றால்கூட "எண்பது சதவீதம்" என்பார். நான்காவது என் மனைவி. நான்கு பேருடைய குடையும் கறுப்பு. தலைவர் குடைக்கு மட்டும் வளைந்த மரக் கைப்பிடி. அவருடைய மகள் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பியது. மற்ற மூன்றும் சாதாரணக் கைப்பிடி. இன்ஸ்பெக்டர் மட்டும் தன்னுடையதில் அடையாளத்துக்காகச் சிவப்பு நூல் சுற்றி வைத்திருந்தார். போலீஸ் புத்தி.

ஐந்தாவதாக ஒருவர் உண்டு. அறைகளைத் திறப்பார், பெருக்குவார், நகல் எடுப்பார், டீ கொண்டுவருவார். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அக்காதான். அக்காவுக்குக் குடை கிடையாது. மழை வந்தால் பிளாஸ்டிக் தாளை முக்காடு மாதிரி போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடப்பார். வருடா வருடம் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் அவருக்கு அடுத்த வருட வேலை. வீட்டில் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவர்தான்.

ஒரு மழைநாள் சாயங்காலம் நான்கு பேரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலை தலைவர் வந்து பார்த்தபோது பக்கெட் காலி. என் குடையை இங்கேயே விட்டுவிட்டு அல்லவா காரில் போனேன், எங்கே அது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

(பக்கெட்டைப் பற்றிப் பாடத்தில் உள்ள செய்தி: குற்றம் நடக்க மூன்று சேர வேண்டும். மனசு வைத்த ஓர் ஆள், கைக்கு வசதியாக ஒரு பொருள், பார்த்துக்கொள்ள யாரும் இல்லாத நேரம். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடுகிற மாதிரி ஒரு சாதனத்தைக் குற்றவியல் துறையே காசு கொடுத்து வாங்கி வாசலில் வைத்திருந்தது.)

4

வேறெந்தத் துறையாக இருந்தாலும், "யாருப்பா என் குடையை எடுத்தது?" என்று ஒரு சத்தம் போட்டிருப்பார்கள். எடுத்தவர் அசடு வழிந்துகொண்டே கொடுத்திருப்பார். கதை முடிந்திருக்கும், நானும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன். இவர்கள் படித்த படிப்பு அப்படி விடவில்லை. யார் எடுத்தது என்பதை விட்டுவிட்டு ஏன் எடுத்தார்கள் என்று ஆராயக் கூட்டம் போட்டார்கள்.

கூட்டத்தில் நடந்ததை மனைவி சொல்லச் சொல்ல எழுதுகிறேன். முதலில் பேசியது சதவீதம். சமூகம் எல்லாருக்கும் ஒரே ஆசையைக் காட்டுகிறது, ஆனால் அதை அடைகிற வழியை எல்லாருக்கும் கொடுப்பதில்லை, வழி கிடைக்காதவர்கள் குறுக்கு வழியில் போக நேர்கிறது, அதில் அவர்கள் தப்பு இல்லை என்றார். நனையாமல் போகிற ஆசை எல்லாருக்கும் உண்டு, குடை எல்லாருக்கும் இல்லையே என்று வருத்தப்பட்டுப் பேசினார். பேச்சு முழுக்க அனுதாபம். அந்த அனுதாபத்தாலேயே, குடை இல்லாத ஒரே ஆளை நோக்கி எல்லார் தலையையும் திருப்பிவிட்டார்.

இன்ஸ்பெக்டருக்கு அனுதாபம் கிடையாது.

"சாவி யார்கிட்ட இருக்கு? குடை யார்கிட்ட இல்ல? ரெண்டுக்கும் ஒரே ஆள்தான் பதில் சார்."

அந்த ஆள் அப்போது அவர் முன்னால்தான் டீ கப்பை வைத்துக்கொண்டிருந்தார். கை ஒரு நொடி நின்றதாம். பிறகு கப்பை வைத்துவிட்டு வெளியே போனாராம். தலைவர் தாடையைத் தடவிக்கொண்டு, இந்த வருடக் கையெழுத்தைப் பற்றிக் குடை வந்த பிறகு யோசிக்கலாம் என்று கூட்டத்தை முடித்தார்.

நீ என்ன பேசினாய் என்று மனைவியைக் கேட்டேன். அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது என்றாள்.

5

இந்த இடத்தில் எனக்கு அக்காமேல் சந்தேகம் வந்துவிட்டது. குடையை எடுத்திருப்பார் என்ற சந்தேகம் இல்லை, அவரை நான் சரியாக எழுதுகிறேனா என்ற சந்தேகம். முதல் பிரதியில் அவரை அழவைத்திருந்தேன். "அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூலையில் சென்று—" என்று எழுதி, நானே கொஞ்சம் கண் கலங்கிவிட்டேன். நன்றாக வந்திருந்தது. மனைவி படித்துவிட்டு, அக்காவை உங்களுக்குத் தெரியாது என்றாள்.

அக்கா அழவில்லை. கூட்டம் நடந்த மறுநாளிலிருந்து, எதைத் தொட்டாலும் உரக்கச் சொல்லிவிட்டுத் தொட ஆரம்பித்தார்.

"சார், இந்தக் கப்பை எடுக்கறேன். கழுவறதுக்கு."

"மேடம், விளக்குமாத்தை எடுக்கறேன். பெருக்கறதுக்கு."

"சார், உங்க கதவைத் தொறக்கறேன். மூடறதுக்கு."

எதை எடுக்கிறேன், எதுக்கு எடுக்கிறேன் என்று இரண்டையும் சொல்வார். குரலில் கோபம் இருக்காது, கிண்டல் இருக்காது. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்குமாம். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது வகுப்பு வாசலில் வந்து நின்று, "சாக்பீஸ் டப்பாவை எடுக்கறேன் மேடம். ரொப்பறதுக்கு" என்பார். மாணவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் பெஞ்சுக்குக் கீழே குனிவார்கள். தலைவர் கூப்பிட்டு, இதெல்லாம் எதற்கு என்று கடிந்துகொண்டார். அக்கா பணிவாகத் தலையாட்டிவிட்டு, "சரி சார். போறேன். வேலை பாக்கறதுக்கு" என்றாராம்.

ஒருவன்மேல் திருடன் என்று முத்திரை குத்திவிட்டால், அவன் எதைச் செய்தாலும் உலகம் அந்த முத்திரை வழியாகவே பார்க்கும், கடைசியில் அவனும் தன்னை அப்படியே பார்க்க ஆரம்பிப்பான் என்று ஒரு கோட்பாடு சொல்கிறது. முன்பாதி அப்படியே நடந்தது. இன்ஸ்பெக்டர் மேஜை இழுப்பறையைப் பூட்ட ஆரம்பித்தார். சதவீதம் கரண்டிகளை எண்ணினார். பின்பாதிதான் அக்காவிடம் செல்லுபடி ஆகவில்லை. முத்திரையை நெற்றியில் வாங்கிக்கொண்டு, அதையே ஒலிபெருக்கி ஆக்கிவிட்டார். இதற்குப் பாடத்தில் பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள் மனைவி. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

(போகிற போக்கில் ஒன்று. குடை போன நாளிலிருந்து துறையில் யாருமே குடை கொண்டுவருவதில்லை. திருட்டுப் பயமாம். போனது ஒரு குடை. நனைவதோ நான்கு பேர். குற்றத்தைவிடக் குற்றத்தைப் பற்றிய பயம் பெரியது என்று இதற்கும் ஒரு பாடம் உண்டு. நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். என்னைப் போல ஒரு மக்கை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.)

6

கதையில் குடை வருகிறது என்றால் குடையை நன்றாகப் பார்க்க வேண்டும். எழுத்து என்றால் சும்மாவா? கம்பி எப்படி வளைகிறது, துணி எப்படி மடிகிறது என்று தெரிந்து எழுதுவதற்காக எங்கள் வீட்டுக் குடையைத் தேடினேன். செருப்பு அலமாரியில் இல்லை. கதவுக்குப் பின்னால் இல்லை. மனைவி கல்லூரியில் இருந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, துணி அலமாரி மேலே கையை விட்டுத் துழாவினேன். பழைய போர்வை ஒன்று சுருட்டிக் கிடந்தது. போர்வைக்குள் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. பிரித்தேன்.

"கறுப்புக் குடை. கம்பிகள் உறுதியானவை. துணியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கைப்பிடி வளைந்த மரத்தால்—"

7

[ஆறாம் பகுதியை முடிக்க முடியவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கிப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.]

8

அன்று சாயங்காலம் அவள் வந்ததும் நான் ஒன்றும் கேட்கவில்லை. குடையை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன், அவ்வளவுதான். அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் கதைக்காக அவளுடைய பாடக்குறிப்பை வாங்கி வைத்திருந்தேன். அதில் ஒரு பக்கம், தப்புச் செய்கிறவர்கள் மனசாட்சியின் வாயை அடைக்கச் சொல்லிக்கொள்கிற ஐந்து சமாதானங்கள். சத்தியமாக நான் வேண்டுமென்று அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. அது அங்கே திறந்து கிடந்தது. அவள் பேசப் பேச என் கண் தானாக அதில் இறங்கியது.

"நான் என்ன பண்ணுவேன்? அன்னிக்கு நான்தான் கடைசி. என் குடையை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க. மழை ஊத்துது. பக்கெட்ல இது ஒண்ணுதான் இருந்துது."

எனக்கு வேறு வழி இல்லை என்பது. முதலாவது சமாதானம்.

அவருக்கு இதனால் என்ன குறைந்துவிட்டது, காரில் போகிறவருக்குக் குடை எதற்கு என்றாள். யாருக்கும் பாதிப்பில்லை. இரண்டாவது. அந்த மனிதர் எல்லாரையும் படுத்துகிற பாட்டுக்கு அவருக்கு இது வேண்டும் என்றாள். மூன்றாவது. இவ்வளவு பேசுகிற இன்ஸ்பெக்டர் மட்டும் பெரிய யோக்கியரா என்றாள். நான்காவது. நான் குறிப்பை மேஜைக்கடியில் மறைத்துக்கொண்டேன். ஐந்தாவது, எல்லாம் தன் மனிதர்களுக்காக என்பது. அது வராது என்றுதான் நினைத்தேன்.

"எல்லாம் உங்களுக்காகத்தான். சமைச்சு வச்சுட்டு உக்காந்திருப்பீங்க, ஆறிப்போயிடும்னுதானே ஓடி வந்தேன்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அடக்க முடியவில்லை. நாள் முழுக்க வகுப்பில் நின்று அந்த ஐந்தையும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள், வரிசைகூட மாறாமல் ஒப்பிக்கிறாள். சிரித்துக்கொண்டே குறிப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். தன் கையெழுத்தைத்தான் பார்த்தாள். பிறகு குனிந்து அழ ஆரம்பித்தாள். என் சிரிப்பு பாதியில் நின்றது.

பஸ்ஸில் வரும்போதே கைப்பிடி கையில் தட்டுப்பட்டு, இது தலைவர் குடை என்று தெரிந்துவிட்டதாம். மறுநாள் கொடுத்துவிடலாம் என்று ஈரம் காயப் போட்டுவிட்டு வெறுங்கையோடு போயிருக்கிறாள். அதற்குள் கூட்டம். கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் பேசி முடித்ததும் எழுந்து சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாளாம். அக்காவின் கை நின்றதைப் பார்த்ததும் வாய் அப்படியே ஒட்டிக்கொண்டதாம். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தைய நாளைவிடக் கஷ்டமாகிவிட்டது. அதனால்தான் கதை கேட்டாள். குடை திரும்பி வருவதற்கு யாரும் யோசிக்காத ஒரு வழியை நானாவது கண்டுபிடிப்பேன் என்று.

பதினைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் என் எழுத்தை அவள் இவ்வளவு நம்பியது அன்றைக்குத்தான். என்ன செய்ய, எனக்கும் ஒரு வழியும் தெரியவில்லை.

9

முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். சாப்பாட்டு மேஜையில் குடையை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் முடிவுகளை எழுதிப் பார்த்தோம்.

முதல் முடிவு: காலையில் யாரும் வருவதற்கு முன் குடையைப் பக்கெட்டில் போட்டுவிடுவது. அழகான முடிவு. மனைவி கேட்ட நிபந்தனைக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் காலையில் முதலில் வந்து கதவைத் திறப்பது யார்? அக்கா. "பயந்துட்டா, திருப்பி வச்சுட்டா" என்று இன்ஸ்பெக்டர் சொல்லப்போவது எங்கள் இருவர் காதிலும் அப்போதே விழுந்தது. குடை கிடைக்கும், அக்கா ஆயுள் முழுக்கத் திருடியாகிவிடுவார்.

இரண்டாம் முடிவு: குடையை எங்கேயாவது கண்காணாமல் போட்டுவிட்டு, புதுக்குடை வாங்கித் தலைவருக்குப் பரிசாகக் கொடுப்பது. அக்காமேல் உள்ள பழி அப்படியே இருக்கும்.

மூன்றாம் முடிவு: நான்தான் எடுத்தேன் என்று நானே ஒப்புக்கொள்வது. எழுத்தாளர்கள் கொஞ்சம் முன்னேபின்னே இருப்பார்கள் என்று ஊரே நம்பும். ஆனால் நான் அந்தத் துறைப் படிக்கட்டில் கால் வைத்ததே இல்லை. இன்ஸ்பெக்டர் இரண்டு கேள்வி கேட்டால் திருதிருவென்று விழிப்பேன்.

நான்காம் முடிவு: எல்லாம் கனவு. (மனைவி பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.)

யார் எடுத்தார்கள் என்று வராமல் குடை திரும்ப வருகிற எந்த முடிவும், அக்கா எடுத்ததாகத்தான் போய் முடிந்தது. எழுதி எழுதிப் பார்த்த பிறகுதான் இருவருக்கும் இது உறைத்தது. கதைக்கு இருந்தது ஒரே முடிவு. அதை நான் எழுத முடியாது, அவள்தான் போய்ச் செய்ய வேண்டும்.

குற்றம் ஏன் செய்கிறார்கள் என்று கேட்காதே, எல்லாரும் ஏன் செய்யாமல் இருக்கிறார்கள் என்று கேள் என்று ஒரு கட்சி இருக்கிறதாம். வீடு, வேலை, நல்ல பெயர், நெருங்கின மனிதர்கள், இந்தக் கயிறுகள்தான் நம்மைக் கட்டி வைத்திருக்கின்றன என்பார்களாம். என் மனைவியை வாய் திறக்க விடாமல் கட்டி வைத்திருந்ததும் அதே நல்ல பெயர்தான். நான் இதைச் சொன்னதும், "பரவால்ல, இது புதுசு, எழுதிக்குங்க" என்றாள். மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்.

10

மறுநாள் காலை வானம் இருண்டிருந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் நின்றது. அவளுடைய குரல், வகுப்பில் பேசுகிற குரல், கணீரென்று வந்தது.

"ஏங்க, இந்தக் குடையை எடுக்கறேன்."

எதுக்கு என்பது வரவில்லை. நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

கொடுக்கறதுக்கா, வைக்கறதுக்கா? பகல் முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடலாமா என்றும் யோசித்தேன். நிறுத்தினால் மிக நவீனமாக இருந்திருக்கும். ஆனால் சாயங்காலம் அவள் வந்துவிட்டாள்.

11

சொட்டச் சொட்ட வந்தாள். நேராக அறைக்குள் போய், கட்டில்மேல் கிடந்த என் துண்டைக் கையில் எடுத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"துண்டை எடுக்கறேன். தலை துவட்டறதுக்கு."

துண்டு கட்டில்மேல் கிடந்ததற்கு அன்று திட்டு விழவில்லை.

நடந்ததை அவள் சொன்னபடி சொல்கிறேன். எல்லாரும் டீ குடிக்கிற நேரத்தில் தலைவரின் கையில் குடையைக் கொடுத்து, நான்தான் எடுத்தேன், அக்கா இல்லை என்றிருக்கிறாள். தலைவர் குடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தாராம். "அட, மாத்தி எடுத்துட்டீங்களா? மறதி யாருக்குத்தான் இல்ல" என்றாராம். அக்கா எடுத்தால் திருட்டு, மேடம் எடுத்தால் மறதி. மேல்தட்டு ஆட்கள் செய்கிற குற்றத்துக்கு மெத்தென்று ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது என்று இதற்கும் பாடத்தில் ஒரு பக்கம் உண்டு. மனைவி விடவில்லை.

"மறதி இல்ல சார். தெரிஞ்சுதான் வீட்ல வச்சிருந்தேன். அக்காவைத் திட்டும்போதும் தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன்."

அக்கா உள்ளே வந்தார். மேஜைமேல் இருந்த காலிக் கப்புகளை எடுத்தார். எதையும் அறிவிக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

மனைவி அப்போதே கையெழுத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறாள். அதற்கென்ன அவசரம், கொஞ்ச நாள் போகட்டும் என்றாராம் தலைவர். குடை வந்த பிறகு யோசிக்கலாம் என்று சொன்னவர், குடையைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னாராம். காகிதம் இன்னும் அவர் மேஜையில்தான் இருக்கிறது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. போர்ட்டிகோவில் மூன்று பேர் குடையில்லாமல் நின்றார்கள். சதவீதம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மேடத்தின் குடை என் வீட்டில் இருக்கிறது, நூறு சதவீதம் திருப்பித் தந்துவிடுவதாக இருந்தேன் என்றார். அன்றைக்குத் தன் குடையை யாரோ எடுத்துவிட்டார்களாம். இன்ஸ்பெக்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டே, சதவீதத்தின் குடை தன்னிடம் இருக்கிறது என்றார். தன் குடையையும் அன்றைக்கு யாரோ எடுத்துவிட்டார்களாம். பறிகொடுத்தவனே அடுத்தவனுடையதைப் பறிக்கிற சங்கிலி. ஒவ்வொருவரும் அவரவர் நட்டத்தை ஈடுகட்டிக்கொண்டதால் ஒருவரும் புகார் கொடுக்கவில்லை. கணக்கில் வராத குற்றங்கள் என்று மூன்று பேருமே பாடம் எடுக்கிறவர்கள். திருட்டுப் பயத்தால் யாரும் குடை கொண்டுவரவில்லை என்று நான் ஐந்தாம் பகுதியில் எழுதியதை இப்போது அடித்துவிடுங்கள்.

"அப்ப என் குடை யார்கிட்ட இருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்த நேரத்தில் தலைவரின் கார் அவர்களைக் கடந்து போனது. பின்கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பின்சீட்டுக்கு மேலே இருக்கிற தட்டில் ஒரு கறுப்புக் குடை கிடந்தது. கைப்பிடியில் சிவப்பு நூல். எத்தனையோ ரவுடிகளைப் பார்த்த இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது என் மனைவி ஈரத்தலையோடு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அக்கா பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கிட்டு எங்களைத் தாண்டித்தான் போனாங்க. என்னைப் பாக்கவே இல்லங்க. அதுதான் தாங்கல."

எழுந்து போய் டீ போட்டுக் கொடுத்தேன்.

12

வாசகரே, முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன் என்று எழுதுவது இந்த மாதிரிக் கதைகளின் வழக்கம். பொதுவாக அது ஒரு பேச்சுக்குத்தான். எழுதியவனுக்கு முடிவு தெரியவில்லை என்பதை நாசூக்காகச் சொல்கிற வழி. எனக்கு முடிவு தெரியும். அதை எழுதுகிற அதிகாரம்தான் இல்லை.

இந்தக் கதையை முதலில் படிக்கப்போகிறவர் யார் என்று முதல் பகுதியிலேயே சொல்லியிருந்தேன். ஆரம்பத்திலிருந்து வாசகரே, வாசகரே என்று கூப்பிட்டதெல்லாம் உங்களைத்தான், சார். மற்றவர்கள் பிறகு படித்துக்கொள்ளட்டும்.

அன்றைக்குப் படியிறங்கிக் காருக்குப் போகிற பத்தடி தூரத்துக்கு, கைக்குக் கிடைத்த ஒரு குடையைப் பக்கெட்டிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். பத்தடிக்கு எடுத்ததை யார் நினைவு வைத்திருப்பார்கள்? நீங்களே சொன்ன மாதிரி, மறதி யாருக்குத்தான் இல்லை. சங்கிலியின் முதல் கண்ணி அதுதான். படிப்பதை இங்கே நிறுத்திவிட்டுப் போய்க் காரின் பின்கண்ணாடிப் பக்கம் ஒருமுறை பாருங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்.

பார்த்துவிட்டீர்களா? உங்களை யாரும் திருடர் என்று சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. ஆனால் அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு ஒருவர் உங்கள் கதவைத் திறந்தார், மூடினார். ஒரு கையெழுத்துக்காக.

இதைப் படித்துப் பார்த்து ஒரு வரியும் வெட்டாமல், "அப்படியே குடுத்துடலாங்க" என்றாள் என் மனைவி. நாளைக் காலை அவள்தான் இதை உங்கள் அறைக்குக் கொண்டுவருவாள். அக்காவின் காகிதத்துக்குப் பக்கத்தில், இந்தக் கதையை எழுதிய பேனாவும் இருக்கும்.

சார், இந்தப் பேனாவை உங்க மேஜைல வைக்கறோம். கையெழுத்துப் போடறதுக்கு.